சோற்றை நிறுத்தினால் சண்டையில் ஜெயிக்க முடியுமா? குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ வீரர்களின் மாவுச்சத்துக் கேள்விகள்

எடைப் பிரிவு உள்ள விளையாட்டுக்கு வருகிற பிள்ளைகள், எடை குறைய வேண்டும் என்றதும் முதலில் கைவைப்பது சோற்றில்தான். இட்லி, சோறு, சப்பாத்தி எல்லாம் போய், முட்டை வெள்ளையும் கோழிக்கறியும் வெள்ளரிக்காயுமாக நாள் ஓடுகிறது. முதல் வாரம் எடை இறங்கும், மனசும் நிறையும். அடுத்த வாரம் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், இரண்டாம் ரவுண்டிலேயே கை தாழ்ந்து போகும். அந்தப் பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோர், பயிற்சியாளர்களுக்காகவும் எழுதிய பக்கம் இது. இதில் உள்ள அளவுகள் ஆரோக்கியமான பெரியவர்களுக்கானவை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசாமல் இவற்றைப் பின்பற்ற வேண்டாம்.

சண்டை போடுபவருக்குப் புரதம் போதாதா? கார்ப் (மாவுச்சத்து) எதற்கு?

நாம் சாப்பிடும் மாவுச்சத்தை உடம்பு குளுக்கோஸாக உடைக்கிறது. உடனே தேவைப்படாததைக் கிளைகோஜன் என்ற வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. நன்றாகப் பயிற்சி செய்பவரின் தசைகளில் ஏறத்தாழ 300 முதல் 500 கிராம் இருக்கும், கல்லீரலில் 80 முதல் 100 கிராம். ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் எல்லாம் சேர்ந்தே ஒரு தேக்கரண்டி அளவுதான், 5 கிராம்.

சண்டை விளையாட்டில் சில வினாடி முழு பலத்தோடு பாய்வோம், சில வினாடி நகர்வோம், மறுபடி பாய்வோம். பாயும் முதல் சில வினாடிகளுக்குத் தசையில் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் போதும். அது தீர்ந்தபின் அதே வேகத்துக்கு அருகில் ஆற்றல் தரக்கூடியது கிளைகோஜன் மட்டுமே. கொழுப்பு நம் எல்லோரிடமும் ஏராளமாக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஆற்றல் மெதுவாகத்தான் வரும், ஆக்சிஜன் இல்லாமல் வரவே வராது. ஒரு மல்யுத்தப் போட்டி முடிந்ததும் ரத்தம் எடுத்துப் பார்த்தால், குளுக்கோஸ் வேகமாக உடையும்போது உண்டாகும் லாக்டேட் லிட்டருக்கு 15 மில்லிமோலைத் தாண்டியிருப்பது சாதாரணம். அந்த லாக்டேட் முழுக்க கார்பை உடைத்ததால் வந்தது. மூளைக்கும் ஒரு நாளைக்கு 120 கிராம் அளவு குளுக்கோஸ் வேண்டும். எதிராளியின் தோள் அசைவதைப் பார்த்துத் தலையை நகர்த்துவது மூளைதான்.

புரதம் வேண்டும், நிச்சயம் வேண்டும். அடிபட்ட தசையைச் சரிசெய்வது அதன் வேலை. ரவுண்டின் கடைசி 30 வினாடியில் கை தூக்க அது உதவாது.

குத்துச்சண்டை மொத்தமே 9 நிமிடம். அதற்குள் கிளைகோஜன் தீர்ந்துவிடுமா?

தீராது. முழுதாக நிரம்பிய தசையோடு ஏறுகிற ஒருவருக்கு 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு என்பது பெரிய செலவே இல்லை. வயிறு நன்றாக இருக்கிறது, எடை குறைக்கவில்லை, ஒரே ஒரு சண்டைதான் என்றால் கூடுதலாக கார்ப் ஏற்றுவதால் பெரிய லாபம் இருக்காது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் "சண்டைக்கு முன் நிறைய கார்ப் ஏற்று" என்ற பேச்சு பெரும்பாலும் மாரத்தான் ஓட்டக்காரர்களிடமிருந்து வந்தது.

ஆனால் நிஜத்தில் எத்தனை பேர் நிரம்பிய தசையோடு ஏறுகிறார்கள்? எடைக்காக மூன்று நான்கு நாள் பட்டினி கிடந்து, வியர்த்து, பாதி கிளைகோஜனோடு ஏறுபவர்கள்தான் அதிகம். மல்யுத்தத்திலும் ஜூடோவிலும் ஒரே நாளில் மூன்று, நான்கு, ஐந்து சண்டைகள் வரும். ஜூடோவில் 4 நிமிடத்தில் முடிவு வராவிட்டால் கோல்டன் ஸ்கோர் என்ற கூடுதல் நேரம், அதற்கு நேர வரம்பே இல்லை. வேகமாகச் சுருங்கும் தசை இழைகளில்தான் கிளைகோஜன் முதலில் காலியாகும். குத்துக்கும் வீச்சுக்கும் வேண்டியது அந்த இழைகளே. அதனால் மொத்தத்தில் மிச்சம் இருந்தாலும் கை மட்டும் கனத்துப் போவது நடக்கும்.

இன்னொன்று பயிற்சி. 9 நிமிடச் சண்டைக்குப் பின்னால் மாதக்கணக்கில் காலையும் மாலையும் ஓட்டம், பேடிலும் பேக்கிலும் குத்துப் பயிற்சி, ஸ்பாரிங். கார்ப் குறைவால் ஏற்படும் நஷ்டம் பெரும்பாலும் இங்கேதான், யார் கண்ணிலும் படாமல்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா?

கிளைகோஜனின் அடிப்படை 1960களிலேயே தெளிவாகிவிட்டது. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் தாங்களே ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து, ஒரே சைக்கிளை ஒரு காலால் மட்டும் ஓய்ந்து போகும்வரை மிதித்தார்கள். பிறகு ஊசியால் இரண்டு தொடையிலிருந்தும் தசையை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் காலி. நிறைய கார்ப் சாப்பிட்டதும் அதே கால் மற்றக் காலைவிடக் கூடுதலாக நிரம்பியது. 1966-இல் வெளியான இந்தச் சோதனையிலிருந்துதான் கார்ப் ஏற்றுவது என்ற யோசனையே பிறந்தது.

நமக்கு நேரடியாகப் பொருந்துவது 1990-இல் அமெரிக்காவில் மல்யுத்த வீரர்களிடம் செய்த ஓர் ஆய்வு. அதே வீரர்கள் இரண்டு முறை 4 நாளில் உடல் எடையில் 6 சதவீதம் குறைத்தார்கள். ஒரு முறை உணவின் கலோரியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கார்ப், மறுமுறை 42 சதவீதம். இரண்டு முறையும் குறைந்த எடை ஒரே அளவுதான். ஆனால் கார்ப் கூடுதலாக இருந்தபோது கைகளால் செய்யும் கடும் வேகச் சோதனையில் அவர்கள் திறன் நிலைத்தது, குறைவாக இருந்தபோது இறங்கியது. எடை குறைப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் எனக்குத் தெரிந்து இல்லை. குறைக்க வேண்டிய கலோரியைக் கொழுப்பிலிருந்து குறைக்கலாம். சோற்றைத் தொட வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு கார்ப் சாப்பிட வேண்டும்?

உடல் எடையை வைத்துக் கணக்கிடுங்கள். ஓய்வு நாள் அல்லது லேசான டெக்னிக் வகுப்பு என்றால் கிலோவுக்கு 3 முதல் 5 கிராம். தினம் ஒரு மணி நேரக் கடும் பயிற்சிக்கு 5 முதல் 7. காலை மாலை இரண்டு வேளையும் கடுமையாகச் செய்யும் முகாம் நாட்களில் 6 முதல் 10 வரை போகலாம். எடைப் பிரிவுக்காரர்கள் பெரும்பாலும் அந்த வரம்பின் கீழ்ப்பக்கத்தில் இருப்பார்கள், அது சரிதான். தினமும் ஒரே அளவு சாப்பிட வேண்டியதில்லை. ஸ்பாரிங் நாளில் கூட்டுங்கள், ஓய்வு நாளில் குறையுங்கள்.

அது தட்டில் எவ்வளவு? இட்லி, சோறு கணக்கில் சொல்லுங்கள்.

60 கிலோ எடையுள்ள, தினம் இரண்டு வேளை மிதமான பயிற்சி செய்யும் ஒருவருக்கு 350 கிராம் அளவு என்று வைத்துக்கொள்வோம். கார்ப் 350 கிராம் என்பது வேறு, சோறு 350 கிராம் என்பது வேறு. 100 கிராம் வெந்த சோற்றில் கார்ப் 28 கிராம்தான்.

காலை ஓட்டத்துக்கு முன் ஒரு பெரிய வாழைப்பழம், 25 கிராம். வந்ததும் 5 இட்லி, சாம்பார், இரண்டு முட்டை. இதில் 60 கிராம் கார்ப் வந்துவிடும். முற்பகலில் கடலை மிட்டாயோ ஒரு கிண்ணம் சுண்டலோ, 25. மதியம் 350 கிராம் வெந்த சோறு, குழம்பு, காய், மீன் அல்லது பருப்பு, சுமார் 110. மாலைப் பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் 200 கிராம் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, 40. இரவு 4 சப்பாத்தி, கோழி அல்லது பனீர், 75. படுக்கும்முன் ஒரு தம்ளர் பால், 10. கூட்டினால் 345.

இதில் விசேஷமான சாமான் எதுவும் இல்லை. விலை உயர்ந்த டப்பா பவுடர் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் மனம் தளரவே வேண்டாம். கார்ப் விஷயத்தில் நம் சமையலறையில் இல்லாதது ஒன்றும் கடையில் இல்லை.

இரவில் சோறு சாப்பிட்டால் கொழுப்பாகும் என்கிறார்களே?

மாலை ஆறரைக்கு ஸ்பாரிங் முடித்த தசை, கிளைகோஜனை மறுபடி நிரப்பக் காத்திருக்கிறது. அதற்கு எட்டு மணிச் சோறு சரியான நேரத்துச் சோறு. நாள் முழுதும் சாப்பிட்ட மொத்தக் கலோரி செலவைவிட அதிகமானால்தான் கொழுப்பு சேரும்.

அரிசியை விட்டதும் மூன்றே நாளில் 2 கிலோ போய்விட்டது. அது கொழுப்புதானே?

மிகக் கொஞ்சம் கொழுப்பு. மீதி கிளைகோஜன், தண்ணீர், குடலில் இருந்த உணவு. ஒரு கிராம் கிளைகோஜன் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு வைத்திருக்கும். 500 கிராம் கிளைகோஜன் முழுதும் காலியானால் தண்ணீரோடு சேர்த்து 2 கிலோ. மறுபடி சோறு சாப்பிட்டதும் அந்த எடை திரும்பி வருவது இதனால்தான். "ஒரு வேளை சோற்றுக்கு ஒரு கிலோ ஏறிட்டேன்" என்று பயந்து மறுபடி நிறுத்துகிற பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஏறியது எரிபொருளும் தண்ணீரும். அது இருக்க வேண்டிய இடம் தசைதான்.

அப்படியென்றால் போட்டிக்கு முன் எடை காட்டுவதற்காக கார்பைக் குறைக்கலாமா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே பதில் கிடையாது. எடை பார்ப்பதற்கும் முதல் சண்டைக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. போட்டியின் அறிவிப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த நேரத்தை.

ஒரு நாள் இடைவெளி இருந்தால், கடைசி மூன்று நாள் கார்பை மிகக் குறைவாக, அதாவது நாளைக்கு 50 கிராமுக்குள் வைத்தால் உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறையும். கூடவே நார்ச்சத்தைக் குறைத்தால் குடலில் தங்கும் எடையில் சில நூறு கிராம் போகும். 60 கிலோ ஆளுக்கு இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேலே வரலாம், வியர்க்காமலேயே. எடை பார்த்தபின் இதைத் திரும்ப நிரப்ப நேரமும் இருக்கிறது.

இரண்டு மூன்று மணி நேரம்தான் இடைவெளி என்றால் இதைச் செய்யவே கூடாது. தசையில் கிளைகோஜன் மணிக்கு 5 சதவீதம் என்ற வேகத்தில்தான் நிரம்பும். முழுதாகக் காலியான தசை நிரம்ப 20 முதல் 24 மணி நேரம் வேண்டும். மூன்று மணி நேரத்தில் வயிறு நிரம்பும், தசை நிரம்பாது.

எந்த விளையாட்டில் எவ்வளவு இடைவெளி?

தொழில்முறை குத்துச்சண்டை, எம்.எம்.ஏ. என்ற கலப்புச் சண்டை இரண்டிலும் வழக்கமாக முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள். சர்வதேச ஜூடோவில் முந்தின மாலை எடை பார்ப்பார்கள். மறுநாள் காலை சிலரை மட்டும் திரும்ப நிறுத்துவார்கள், பிரிவு எடையைவிட 5 சதவீதத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது. 66 கிலோ பிரிவுக்காரர் 69.3 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். அதனால் ஜூடோக்காரர் ராத்திரி எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ள முடியாது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் சண்டை இருக்கும் ஒவ்வொரு நாள் காலையிலும் எடை பார்க்க வேண்டும். மல்யுத்தத்திலும் அப்படித்தான், ஒரு பிரிவின் போட்டிகள் இரண்டு நாள் நடக்கும், இரண்டு நாள் காலையும் தராசில் ஏற வேண்டும். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் அமைப்பாளர்கள் வைப்பதுதான் நேரம், எனவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த இரண்டாம் நாள் எடை என்ன செய்யும் என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நாடே பார்த்தது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 53 கிலோவிலிருந்து இறங்கி வந்து 50 கிலோ பிரிவில் ஆடியவர். முதல் நாள் காலை எடை சரியாக இருந்தது. அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோற்காமல் இருந்த ஜப்பானின் யுய் சுசாகியை வென்றார், மூன்று சண்டையும் வென்று இறுதிக்குப் போனார். அந்த மூன்று சண்டைக்கும் சாப்பிடவும் குடிக்கவும் வேண்டும் அல்லவா? மாலையில் 2.7 கிலோ கூடியிருந்ததாக இந்திய அணித் தரப்பில் சொன்னார்கள். இரவெல்லாம் குறைத்தும் மறுநாள் காலை 100 கிராம் மிச்சம். தகுதிநீக்கம்.

அதே போட்டியில் 57 கிலோ பிரிவு அமன் ஷெராவத், அரையிறுதிக்குப் பின் இரவோடு இரவாக 10 மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்து, மறுநாள் வெண்கலம் வென்றார். அரையிறுதியில் அவரை வீழ்த்தித் தங்கம் வென்ற ஜப்பானின் ரெய் ஹிகுச்சியோ, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான ஆசியத் தகுதிச் சுற்றில் 50 கிராம் அதிகமிருந்ததால் வெளியேற்றப்பட்டவர்.

வினேஷைக் குறை சொன்னவர்கள் அன்று நிறைய பேர். அது நியாயமே இல்லை. முதல் நாள் கார்பும் தண்ணீரும் எடுக்காவிட்டால் சுசாகியை வென்றிருக்க முடியாது. எடுத்தால் மறுநாள் தராசு. இயல்பான எடைக்கும் பிரிவுக்கும் இடைவெளி பெரிதாக இருந்து, இரண்டு காலை எடையும் இருந்தால் எந்த உணவுத் திட்டத்துக்கும் மூச்சுவிட இடம் இருக்காது.

காலை 8 மணிக்கு எடை, பகல் 12 மணிக்குச் சண்டை. என்ன சாப்பிடட்டும்?

தராசிலிருந்து இறங்கியதும் அரை லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம். 20 நிமிடம் கழித்து 4 இட்லி, கொஞ்சம் சர்க்கரை அல்லது தேன் தொட்டு. சாம்பார் லேசாக இருக்கலாம், தேங்காய்ச் சட்னியும் எண்ணெய்ப் பொடியும் வேண்டாம். இட்லி கிடைக்காத ஊரில் வெள்ளை ரொட்டியும் ஜாமும். பிறகு ஒரு வாழைப்பழம். பத்தரை மணிக்கு மூன்று நான்கு பேரீச்சம்பழம். இடையிடையே தண்ணீர். வார்ம்-அப் நேரத்தில் குளுக்கோஸ் தண்ணீர் சில வாய்.

60 கிலோ ஆளுக்கு இது 100 கிராம் அளவு கார்ப், கிலோவுக்கு ஒன்றரை கிராமுக்கு மேல். சண்டைக்கு 1 முதல் 4 மணி நேரத்துக்கு முன் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் என்பது பொதுவான வழிகாட்டல். நேரம் குறையக் குறைய அளவையும் குறைக்க வேண்டும். நார்ச்சத்து, கொழுப்பு இரண்டும் வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். அதனால் கேழ்வரகுக் களி, சிவப்பரிசி, நெய்ப் பொங்கல் எல்லாம் மற்ற நாளுக்கு அருமையான சாப்பாடு, இந்த நான்கு மணி நேரத்துக்கு ஆகாது.

போட்டி நாளில் முதல் முறையாக எதையும் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். ஸ்பாரிங் நாள் ஒன்றில் இதே நேரக்கணக்கில் சாப்பிட்டு ஒத்திகை பாருங்கள்.

முந்தின நாளே எடை பார்த்துவிட்டார்கள் என்றால்?

அப்போது வசதி அதிகம். கடுமையாகக் குறைத்தவர் அடுத்த 24 மணி நேரத்தில் கிலோவுக்கு 8 முதல் 12 கிராம் கார்ப் வரை எடுக்கலாம், லேசாகக் குறைத்தவருக்கு 4 முதல் 7 போதும். 60 கிலோ ஆளுக்கு 500 கிராம் என்றால் ஒரே உட்காரலில் முடியாது, முயலவும் கூடாது. குடல் குளுக்கோஸை மணிக்கு 60 கிராம் அளவில்தான் உள்ளே இழுக்கும், அதற்கு மேல் போனால் வயிறு உப்பி, கழிச்சலில் முடியும்.

முதலில் திரவம். பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சின்னச் சின்ன வேளைகள்: உப்புப் போட்ட குழைந்த சோறும் ரசமும், தயிர் சாதம், சவ்வரிசிக் கஞ்சி, அவலும் தயிரும், இட்லி, பன், வாழைப்பழம். வெள்ளைச் சோறு கெட்டது என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது விநோதமாக இருக்கும். ஆனால் நார் குறைந்த, சீக்கிரம் செரிக்கிற வெள்ளைச் சோறு இந்த ஒரு நாளைக்கு மிகப் பொருத்தமானது.

எடை கொடுத்ததும் பிரியாணி சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம்!

பட்டினி கிடந்த வயிற்றுக்கு அந்த எண்ணெயும் மசாலாவும் பாரம். சண்டை முடிந்த ராத்திரி சாப்பிடுங்கள், இன்னும் ருசிக்கும். பரோட்டா சால்னாவுக்கும் இதே பதில்.

ஓ.ஆர்.எஸ். குடித்தாலே கார்ப் வந்துவிடுமா? இளநீர்?

உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அது தண்ணீரையும் உப்பையும் உள்ளே இழுக்க உதவும் அளவு, எரிபொருளுக்குப் போதாது. அதனால் ஓ.ஆர்.எஸ்.ஸும் வேண்டும், சாப்பாடும் வேண்டும். ஓ.ஆர்.எஸ். போலவே தோற்றம் தரும் இனிப்புப் பானங்களை வாங்கி ஏமாறாதீர்கள், உறையில் கலவை விவரத்தைப் படியுங்கள்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, கார்ப் 100 மில்லிக்கு 4 கிராம் அளவு. வியர்வையில் நாம் அதிகம் இழப்பது சோடியத்தை. இளநீர் குடிக்கலாம், அதோடு உப்புள்ள ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பானகம் உண்மையிலேயே நல்ல பானம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் வெல்லம், அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் எலுமிச்சை. வியர்வையில் ஒரு கிலோ இழந்திருந்தால் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை குடித்தால்தான் ஈடாகும், ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும்.

ஒரே நாளில் நான்கு சண்டை. நடுவில் என்ன?

இடைவெளி அரை மணி நேரம் என்றால் திரவம் மட்டும்: பானகம், குளுக்கோஸ் தண்ணீர், ஸ்போர்ட்ஸ் டிரிங்க். ஒரு மணி நேரம் என்றால் வாழைப்பழமோ பேரீச்சையோ சேரலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் கொஞ்சம் தயிர் சாதம் அல்லது ரொட்டி. மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்ப் என்பது நல்ல இலக்கு. வாள்வீச்சில் எடைப் பிரிவே கிடையாது, ஆனால் அங்கேயும் நாள் முழுதும் சண்டை மேல் சண்டை, எனவே இந்தப் பதில் அவர்களுக்கும் பொருந்தும். மல்யுத்தத்தில் மறுநாள் காலை எடை இருந்தால் இதையெல்லாம் கிராம் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டே சாப்பிட வேண்டும்.

சண்டைக்குச் சற்று முன் சர்க்கரை எடுத்தால் "சுகர் இறங்கி" மயக்கம் வருமா?

30 முதல் 60 நிமிடத்துக்கு முன் சர்க்கரை எடுக்கும்போது இன்சுலின் ஏறி, உடற்பயிற்சி தொடங்கியதும் ரத்தச் சர்க்கரை கொஞ்சம் தாழ்வது சிலருக்கு உண்டு. பெரும்பாலோருக்கு அதனால் திறன் குறைவதில்லை, சில நிமிடத்தில் சரியாகிவிடும். ஒரு சிலருக்கு நடுக்கமும் தலைசுற்றலும் வரும். அவர்கள் இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டு, வார்ம்-அப்பின்போது மட்டும் சில வாய் இனிப்புத் திரவம் எடுத்தால் போதும்.

இனிப்புத் தண்ணீரை வாயில் கொப்பளித்துத் துப்பினாலே தெம்பு வருமாமே?

சைக்கிள் ஓட்டத்தில் அப்படி ஒரு முடிவு வந்தது. 2004-இல் பிரிட்டனில் செய்த சோதனையில், மாவுச்சத்துக் கரைசலைக் கொப்பளித்துத் துப்பியவர்கள் ஒரு மணி நேர அளவிலான ஓட்டத்தை ஏறத்தாழ 3 சதவீதம் விரைவாக முடித்தார்கள். வாயிலுள்ள உணர்விகள் மூளைக்கு "சாப்பாடு வருகிறது" என்று சொல்வதால் இருக்கலாம். ரவுண்டு இடைவெளியில் செய்து பார்ப்பதில் தீங்கில்லை, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கார்பை ஏறத்தாழ நிறுத்திக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவில் சண்டை போட முடியுமா?

எடை குறையும், பசி அடங்கும், கொழுப்பை எரிக்கும் திறன் கூடும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் நீண்ட நாள் கார்ப் இல்லாமல் இருக்கும்போது, கார்பை வேகமாக உடைக்கும் நொதியின் செயல்பாடும் மந்தமாகிறது. போட்டிக்கு முந்தின நாள் சோறு சாப்பிட்டுத் தசையை நிரப்பினாலும், நிரப்பியதை அவசரத்துக்கு எடுத்துச் செலவழிக்கும் வேகம் உடனே திரும்பாது. தவிர, ஒரே அளவு ஆக்சிஜனில் கொழுப்பைவிட கார்ப் 5 சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஆற்றல் தரும். மூச்சு வாங்கும் மூன்றாம் ரவுண்டில் அது பெரிய வித்தியாசம்.

ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் தலைமையில் உலகத் தர நடைப் போட்டி வீரர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், மூன்று வாரக் கடும் பயிற்சிக்குப் பின் கார்ப் சாப்பிட்ட குழுக்கள் 10 கிலோமீட்டரில் முன்னேறின, கீட்டோ குழு முன்னேறவில்லை. நடையிலேயே அப்படி. போட்டி இல்லாத மாதங்களில் உடல்கொழுப்பைக் குறைக்கக் கார்பை ஓரளவு குறைப்பது வேறு விஷயம், அதில் தவறில்லை. ஸ்பாரிங் முகாமில் கீட்டோ வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

காலையில் வெறும் வயிற்றில் ஓடலாமா?

மெதுவான ஓட்டம் என்றால் ஓடலாம். ஸ்பிரிண்ட், ஸ்பாரிங், கடும் பேட் வேலை என்றால் ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும்.

ரமலான் மாதத்தில் பயிற்சி எப்படி?

முடிந்தால் கடும் பயிற்சியை நோன்பு திறந்த ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குப் பின் வையுங்கள். பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் தண்ணீருமாகத் திறப்பது ஒரு வீரருக்கு மிகச் சரியான தொடக்கம். கஞ்சியில் அரிசி, பருப்பு, உப்பு, தண்ணீர் நான்கும் இருக்கின்றன. பொரித்த பண்டங்களைப் பயிற்சிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து ஒரு முழுச் சாப்பாடு, ஸஹர் என்ற அதிகாலை உணவில் மெதுவாகச் செரிக்கும் கார்ப், முட்டை அல்லது பருப்பு, நிறையத் தண்ணீர். பகலில் டெக்னிக் மட்டும். இந்த மாதத்தில் எடைக் குறைப்பு வேண்டாம்.

என் மகளுக்கு டயட் ஆரம்பித்ததும் மாதவிடாய் நின்றுவிட்டது. கோச் "விளையாட்டில் சகஜம்" என்கிறார்.

அடிக்கடி நடக்கிறது, ஆனால் அது ஆபத்தின் அறிகுறி. பயிற்சிக்குச் செலவழித்தது போக உடம்பை நடத்தப் போதிய ஆற்றல் மிச்சமில்லாதபோது, உடம்பு முதலில் இனப்பெருக்க ஹார்மோன்களை அணைக்கிறது. தொடர்ந்தால் எலும்பு பலமிழக்கும், சிறு விரிசல்கள் வரும், காயம் ஆறாது, சளி காய்ச்சல் விடாது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதல் இதைத் தனிப் பிரச்சினையாகப் பேசி வருகிறது, ஆண்களுக்கும் இது வரும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லையென்றால் கட்டாயம் மருத்துவரைப் பாருங்கள். சாப்பாட்டைக் கூட்டுவதே முதல் சிகிச்சை, அதிலும் பயிற்சியை ஒட்டிய நேரங்களில் கார்பை.

பையனுக்கு 14 வயது. 2 கிலோ குறைத்தால் சின்னப் பிரிவில் மெடல் வாங்கலாம் என்கிறார்கள்.

வேண்டாம். வளரும் வயதில் எடை கூட வேண்டும், அதுதான் இயற்கை. அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் உடல்கொழுப்பு பையன்களுக்கு 7, பெண்களுக்கு 12 சதவீதத்துக்குக் கீழே போகும் பிரிவில் ஆட அனுமதியில்லை, வாரத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேல் எடை குறைக்கவும் கூடாது. நம் ஊரில் அப்படி ஒரு சோதனை பள்ளி அளவில் இல்லாததால் பெற்றோரே அந்தக் காவலாக நிற்க வேண்டும். அவன் வயிறு நிறையச் சாப்பிட்டு எந்தப் பிரிவில் வருகிறானோ அதில் ஆடட்டும்.

பிளாஸ்டிக் உடை, நீராவி அறை, நீர் மாத்திரை, டிரிப்ஸ்?

1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். மூவரும் சூடான இடத்தில், வியர்வை உடையோடு, சாப்பிடாமல், குடிக்காமல் உடற்பயிற்சி செய்து எடை குறைத்தவர்கள். அதன்பின் அங்கே அந்த உடையையும் நீராவி அறையையும் தடை செய்து, எடை பார்ப்பதைச் சண்டைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாக மாற்றினார்கள். 2015-இல் மணிலாவில் 21 வயது சீன எம்.எம்.ஏ. வீரர் யாங் ஜியான் பிங் எடை குறைக்கும்போது இறந்தார். அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் அதற்குப் பிறகு சிறுநீரைச் சோதித்து உடலில் நீர் போதுமா என்று பார்க்கத் தொடங்கியது.

சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரைகள், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் (WADA) தடைப் பட்டியலில் உள்ளவை. மருத்துவமனைச் சிகிச்சை போன்ற காரணமின்றி 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் டிரிப்ஸ் ஏற்றுவதும் தடை. எடை கொடுத்துவிட்டு கிளினிக்கில் போய் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது தடையில் மாட்டும் செயல் என்று பல பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. பயிற்சியாளர்கள் தயவுசெய்து சொல்லிக் கொடுங்கள்.

எனக்கு எந்தப் பிரிவு சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போட்டி இல்லாத ஒரு மாதத்தில், மேலே சொன்ன அளவு கார்பும், போதிய புரதமும் சாப்பிட்டு, ஒழுங்காகப் பயிற்சி செய்து, தினம் காலை எழுந்து சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து எழுதுங்கள். வாரச் சராசரியை எடுங்கள். எடை பார்த்து ஒரு நாள் கழித்துச் சண்டை என்றால் அந்தச் சராசரி, பிரிவு எடையைவிட 5 சதவீதம் வரை அதிகமிருக்கலாம். அன்றே சண்டை என்றால் 2, 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து எடை என்றால் இன்னும் நெருக்கமாக. உதாரணத்துக்கு 57 கிலோ பிரிவில் அதே நாள் சண்டை என்றால் வாரச் சராசரி 58.5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டுகிறது என்றால் போட்டிக்கு 8 வாரம் முன்பே, வாரத்துக்கு அரைக் கிலோ வீதம், எண்ணெய், பொரித்தது, இனிப்பு இவற்றைக் குறைத்து மெதுவாக இறங்குங்கள். பயிற்சியை ஒட்டிய சோற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படியும் இறங்கவில்லையென்றால் அடுத்த பிரிவுக்குப் பெயர் கொடுங்கள்.